ஆயிரக்கணக்கில் ஆளிருந்தும் டவுன் இல்லை

ஐயாயிரம் பேர் சேர்ந்திருந்தால் அது நகரம், நகரமென்றால் அங்கே லாட்ஜ் இருக்கும் என்று நம்பித்தான் இலங்கை மலையகத்தின் வட்டகொடையில் ரயிலை விட்டு இறங்கினேன். திருச்சியில் சென்சஸ் குமாஸ்தாவாக இருப்பவனின் மூளை வேறு எப்படி வேலை செய்யும்? வழியெல்லாம் மலை முழுக்கத் தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களின் தகரக் கூரைகள். முந்தின ஸ்டேஷனான தலவாக்கலையில் கூரை குறைவு என்று இறங்காமலே வந்துவிட்டேன்.

ரயில் போய்விட்டது. வெளியே ஒரே ஒரு கடை. கடைக்காரப் பாய் சீனி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

"லாட்ஜ் எங்கே பாய்?"

"தலவாக்கலையில."

"இத்தனை ஆயிரம் பேர் இருக்காங்களே, இது டவுன் இல்லையா?"

"ஆளிருந்தா டவுனாயிருமா? அரசாங்கம் டவுன்னு சொல்லணுங்க. இது தோட்டம்."

"யார் வீட்டிலாவது தங்கலாமா?"

"லயத்துல வெளியாள் தங்கணும்னா தோட்டத்து மேனேஜர் தொரைகிட்ட கேக்கணும். தொரை இந்நேரம் கிளப்புக்குப் போயிருப்பாரு."

குளிர் ஏறுகிறது. டென்மார்க்கில் இருநூறு பேர் இருந்தாலே நகரம் என்று படித்தது ஞாபகம் வந்து அழுகையே வந்துவிடும் போலிருக்கிறது. இங்கே நான் விறைத்துச் செத்தால் நகரச் சாவில் எழுதுவார்களா, கிராமச் சாவிலா? பாயிடம் வாய்விட்டே கேட்டுவிடுகிறேன்.

"மொதல்ல டீயக் குடிங்க. சாகுறதப் பத்தி அப்புறம் பேசலாம்" என்கிறார்.

டீ ஆறுவதற்குள் சீனி இறக்கிய லாரி தலவாக்கலைக்குத் திரும்புகிறது. டிரைவர் தன் பக்கத்தில் இடம் கொடுக்கிறார். வழியில் சில வளைவுகள், அவ்வளவுதான். இருட்டுவதற்கு முன்பே லாட்ஜில் கம்பளியைப் போர்த்திப் படுத்திருக்கிறேன்.