வேல்ஸ்காரரின் செம்மர நாற்காலி

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை நம் சபைக் கோயிலில் பூச்சாடி வைத்திருக்கிற அந்தச் செம்மர நாற்காலியில் சின்னவன் ஏறி உட்கார்ந்தான். நான் அவன் கையைப் பிடித்து வெடுக்கென்று இறக்கினேன். அவன் அழுதான். "அது சாமி நாற்காலியா நைனா?" என்று பெரியவள் கேட்டாள். சாமி நாற்காலி இல்லை அம்மா. பாட்டு நாற்காலி. அதைப் பார்த்தால் உங்கள் நைனா ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன் என்று, எட்டாவது வரை படித்த எனக்குத் தெரிந்த மாதிரி எழுதிவைக்கிறேன்.

நம் சித்தூர் சபைக்கு அப்போது ஒரு அமெரிக்காக்காரர் போதகராக இருந்தார். வெள்ளைக்காரப் போதகரை நாம் ஐயர் என்றுதானே கூப்பிடுவோம், அவரும் நமக்கு ஐயர்தான். ஆனால் யாராவது தெரியாமல் இங்கிலீஷ்காரர் என்று சொல்லிவிட்டால் காது சிவந்துவிடும். "நான் வேல்ஸ்காரன்" என்பார். வேல்ஸ் என்பது இங்கிலாந்தை ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன நாடு, பாஷை வேறு. அவருடைய தாத்தா அங்கே பிழைப்பில்லாமல் கப்பலேறி, அமெரிக்காவில் பென்சில்வேனியா என்கிற இடத்துக்கு நிலக்கரி வெட்டப் போனவர். போன இடத்தில் அந்த ஜனங்கள் தங்கள் வீட்டுக்குக் கூரை போடுவதற்கு முன்னால் கோயிலைக் கட்டினார்களாம். பகலெல்லாம் மண்ணுக்குள் இருந்துவிட்டு, கரி ஒட்டின முகத்தோடு சாயங்காலம் தங்கள் பாஷையில் நாலு குரலாகப் பிரிந்து பாடுவார்களாம். அதற்கு முன்னால் வேல்ஸில் சின்னப் பையனாக இருந்தபோது, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பேசாமல் சொந்தப் பாஷை பேசினான் என்று அந்தத் தாத்தாவின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிட்டார்களாம். பிரசங்கத்தில் இதைச் சொல்லும்போது ஐயரின் கை தானாகத் தன் கழுத்துக்குப் போகும். பெண்கள் பக்கம் முந்தானையெல்லாம் கண்ணுக்குப் போகும்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு பாட்டுப் போட்டி. நல்ல பாட்டு எழுதினவருக்கு ஒரு நாற்காலி செய்து அதில் உட்காரவைப்பார்கள். அவர் தலைக்கு மேல் பாதி உருவின வாளைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து "சமாதானமா?" என்று மூன்று தரம் கேட்பார்கள். மூன்று தரமும் எல்லாரும் "சமாதானம்" என்று சொன்னால்தான் வாளை உறையில் போடுவார்கள். அதற்கப்புறம்தான் அவர் உட்காரலாம். "ஒரே ஒருவர் மனதில் குறை இருந்தாலும் உட்காரக் கூடாது. என் தாத்தா அப்படிச் சொன்னார்" என்பார் ஐயர்.

அதையே நம் அறுப்புப் பண்டிகையில் வைத்தார். நாற்காலியைச் செம்மரத்தில் செய்தோம். வாளுக்கு எங்கே போவது? கரும்பு வெட்டுகிற கத்திக்குச் சாக்குத் துணியில் உறை தைத்தோம். முதல் வருஷம் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஜெயித்தார். கத்தி தலைக்கு மேல் போனதும் பின்னாலிருந்து ஒருத்தர், "யோவ் கம்பவுண்டரு, ஆடாம நில்லு, கரும்புன்னு சீவிடப் போறானுங்க!" என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் சம்சாரம், "சீவட்டும், ஊசி போட்டே எத்தினி பேரை அழ வெச்சிக்கினு கீறாரு" என்றது. ஐயரே சிரித்துவிட்டார். அத்தனையும் தமிழ்ப் பாட்டு.

இனிச் சொல்லப்போவதைப் படித்துவிட்டு, தெலுங்கு மேல் எனக்குக் கோபம் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்திலும் நான் சித்தூர் திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர்தான். மொட்டை போடப் போகிற கூட்டம் கோவிந்தா போட, நான் விசில் ஊதுவேன். நாள் முழுக்க ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிக்கிறவன் நான். ஆனால் ஜெபம் பண்ணும்போது எனக்குத் தமிழ்தான் வரும். அது ஒன்றுதான் என்னுடையது.

மெட்ராஸிலிருந்து ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்தது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று ஒரே பேச்சு. சித்தூருக்கு ஆபீஸர்கள் வந்து ஜனங்களை விசாரிக்கப்போகிறார்கள் என்றார்கள். தமிழ்க்காரர்கள் ஊர்வலமாகப் போய், தமிழ்ப் பள்ளிக்கூடமும் தமிழும் நிலைக்க வேண்டும் என்று சொல்வதாக ஏற்பாடு. புத்தூரிலிருந்து உங்கள் மாமா வந்து வாசலில் நின்றான்.

"இன்னா மச்சான், ஊரே போய்க்கினு இருக்குது, நீ ஊட்ல குந்திக்கினு களி துன்னுகினு கீறே?"

"எங்க ஐயர் பேசுவார்டா. கழுத்துல மரத்துண்டு கட்டின வம்சம். அவருக்குத் தெரியாதா நம்ம வலி?"

"தெரியும் தெரியும். அவங்க தாத்தா அழுத கதைக்கு நீ கண்ணத் தொடச்சிக்கினு இரு. உன் கதைக்கு எவன் அழுவான்?"

நான் போகவில்லை. சபையில் யாருமே போகவில்லை. முந்தின வாரம் ஐயர் நம் வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்து, உங்கள் அம்மா போட்ட களியைச் சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருந்தார்: "நீங்கள் ஊர்வலத்துக்குப் போக வேண்டாம். ஆபீஸர்களிடம் நானே பேசுகிறேன். உங்கள் தமிழ் ஆராதனைக்கு நான் பொறுப்பு." அவர் பேசுகிற தமிழ் புஸ்தகத்திலிருந்து எடுத்த மாதிரி இருக்கும். அதனாலேயே எங்களுக்கு அதில் நம்பிக்கை அதிகம்.

சில மாதம் கழித்து, அந்த ஆபீஸர்கள் வந்து தங்கின டிராவலர்ஸ் பங்களாவின் சமையல்காரர் என் பஸ்ஸில் ஏறினார், திருப்பதிக்கு முடி காணிக்கை. காலமெல்லாம் துரைகளுக்கு முட்டை பொரித்துப் போட்டவர், இங்கிலீஷ் நன்றாகப் புரியும். சந்திரகிரி தாண்டினதும் பேச்சுக் கொடுத்தார்.

"உங்க ஐயரு தங்கமான மனுசன்பா. ஆபீஸருங்க கேக்கறாங்க, உங்க ஜனங்க என்னா கேக்கறாங்கன்னு. ஒண்ணும் கேக்கல, தெலுங்குக்கே மாறிக்குவாங்க, புள்ளைங்களுக்கும் அதான் நல்லதுன்னுட்டாரு. வம்பே இல்லாத மனுசன்."

நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றேன். டிரைவர் திரும்பி, "ஏம்பா, ஸ்டாப்பு போய்க்கினு இருக்குது!" என்று கத்தினார்.

எல்லையும் ஒருவழியாக முடிவானது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, சித்தூர் ஆந்திரா பக்கமே நின்றது. அடுத்த ஞாயிறே, இனி ஆராதனை தெலுங்கில் மட்டும் என்று ஐயர் அறிவிப்பு வாசித்தார். சபைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பும் அதோடு நின்றது. அன்று சாயங்காலம் அவர் பங்களாவுக்குப் போனேன்.

"நீங்க பொறுப்புன்னு சொன்னீங்களே, ஐயரே?"

அவர் கோபப்படவில்லை. என்னை உட்காரச் சொன்னார். "எங்கள் ஊர்க் கோயிலும் இப்படித்தான் இங்கிலீஷுக்கு மாறியது. பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்று எழுந்து நின்று முதலில் கேட்டவர் என் அப்பா. தாத்தா அன்று கோயிலைவிட்டு வெளியே போனார். ஆனால் அப்பா செய்தது சரி. அதனால்தான் நான் படித்தேன், இங்கே வந்தேன்."

இந்தப் பாதிக் கதையை அவர் ஒருநாளும் எங்களுக்குச் சொன்னதில்லை. மரத்துண்டு கட்டினவர்களைச் சொன்னார். தங்கள் கையாலேயே கோயில் கதவைச் சாத்தினதைச் சொல்லவில்லை.

அவர் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு பாடுவாரே, தாத்தாவின் வேல்ஸ் பாட்டு, அது ஞாபகம் வந்தது. "அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம், ஐயரே?" என்றேன்.

அவர் "தெரியாது" என்றார். "ராகம் தெரியும். வார்த்தை வாயில் வரும். அர்த்தம் தாத்தாவுக்குத் தெரியும்."

அந்த வருஷ அறுப்புப் பண்டிகையில் போட்டி தெலுங்கில் நடந்தது. புதிதாக வந்த தெலுங்கு டீச்சரம்மா ஜெயித்தார்கள். நல்ல பாட்டு, பொய் சொல்ல மாட்டேன். கத்தியைத் தூக்கினார்கள். "சமாதானமா?" என்றார் ஐயர். அந்த வார்த்தை இரண்டு பாஷைக்கும் ஒன்றுதான். முன் வரிசை மட்டும் "சமாதானம்" என்றது. எங்கள் பக்கத்தில் யாரும் வாய் திறக்கவில்லை, ஒருத்தருக்கொருத்தர் பேசிவைத்துக்கொள்ளவும் இல்லை. இரண்டாம் தரம். மூன்றாம் தரம் கேட்கும்போது அவர் என்னையே பார்த்துக் கேட்டார். நான் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வழக்கப்படி அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். அவர் நாலாம் தரமும் கேட்டார். அப்புறம் பதிலுக்குக் காத்திராமல் கத்தியை உறையில் போடச் சொல்லி, அந்த அம்மாவைத் தோளைத் தொட்டு உட்காரவைத்தார். எங்களுக்குக் கொடுத்த வாக்கு போகட்டும், தாத்தா சொல்லிக்கொடுத்த வழக்கத்தையாவது காப்பாற்றியிருக்கலாம். பாவம் அந்த டீச்சரம்மா, நுனியில் உட்கார்ந்து உடனே எழுந்துவிட்டார்கள். அதற்கப்புறம் போட்டி நடக்கவில்லை. ஐயர் அமெரிக்கா போய்விட்டார். நாற்காலியில் பூச்சாடி வந்தது.

பெரியவள் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், இதை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். பரவாயில்லை, அம்மாவைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் நாம் பாடுகிறோமே, அதில் உங்களுக்கு ராகம் சரியாக வருகிறது. வார்த்தையும் வருகிறது. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. ஒரு வரிக்கு அர்த்தம் தெரியாவிட்டால் பாட்டை அங்கேயே நிறுத்துங்கள், சோறு ஆறினால் ஆறட்டும். என்னைக் கேளுங்கள். நான் இருக்கும்போதே கேளுங்கள்.