யார் மடியில்?

போன வாரம் ஒரு காலை. கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. சிதம்பரத்திலிருந்து தங்கச்சி சரண்யாவின் போன்.

“அக்கா, யாழினிக்குக் காது குத்திட்டம்.”

கிரைண்டரை நிறுத்தினேன். இன்னும் ஒரு வயது முடியாத குழந்தை. நல்ல பெரியம்மாவாக இருந்தால் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பேன். என் வாயில் வந்தது வேறு.

“யார் மடியிலடி?”

“என் மடியிலதான். வேற யாரு இருக்கா எனக்கு?”

வேறு யார் இருக்கிறார் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் வீடுகளில் காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அந்தத் தாய்மாமன், எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த பிரபு, கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறான். சிதம்பரம் என்ன சீமையா? ஒரு மணி நேரப் பஸ். அந்த ஒரு மணி நேரத்தை அவன் இன்னும் கடக்கவில்லை. யாழினியை போட்டோவில்தான் பார்த்திருக்கிறான்.

என்ன பெரிய சண்டை? சொன்னால் சிரிப்பீர்கள்.

குழந்தை பிறந்த சந்தோஷத்தில் மாப்பிள்ளை முதலில் போட்டோவை ஸ்டேட்டஸில் போட்டார். அப்புறம்தான் ஒவ்வொருவருக்காகப் போன் செய்தார். பிரபுவுக்கும் செய்தார். ஆனால் அவன் ஷிப்ட்டில் இருந்தான். கம்பெனிக்குள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால், கூட வேலை செய்கிறவன் தோளில் தட்டி, “இன்னா மச்சான், மாமா ஆயிட்ட, ஸ்வீட்டு எங்க?” என்றிருக்கிறான். அவனும் மாப்பிள்ளைக்குத் தெரிந்தவன்; வெளியே வந்து போனைத் திறந்ததும் ஸ்டேட்டஸ் பார்த்தானாம்.

அவ்வளவுதான். “எனக்கு ஊரான் சொல்லித் தெரியணுமா?” என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியேறினான். அதோடு தங்கச்சி வாழ்க்கையிலிருந்தும்.

குழந்தைக்கு ஏழாம் மாதம் வந்தபோது சிதம்பரம் போய்க் காதுகுத்துப் பேச்செடுத்தேன். சரண்யா அழகாக ஒரு பதில் வைத்திருந்தாள்.

“குத்தப் போறதில்லக்கா. அவ காது, அவளே முடிவு பண்ணட்டும். பெரியவளாயி கேட்டா குத்திக்கலாம்.”

“தடுப்பூசி போட்டப்ப கேட்டியா?”

“அது நோய்க்கு. இது அழகுக்கு.”

யோசித்துப் பார்த்தால் நியாயம்தானே? பேசத் தெரியாத உடம்பில் நம் ஆசைக்கு ஓட்டை போட நாம் யார்? சரி, விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். ஆனால் அன்று சாயங்காலம் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“அண்ணன் எதுனா கேட்டானா?”

அடிப்பாவி! கொள்கையெல்லாம் சும்மா. காதுகுத்து என்று வைத்தால் மடி வேண்டும். மடிக்குரியவன் வராவிட்டால் ஊர் கேட்கும். அதற்குப் பயந்து காதே குத்தவில்லை என்கிறாள். ஒரு நல்ல காரணத்தை வீம்புக்குப் போர்வையாகப் போர்த்திக்கொண்டாள்.

திரும்பி வந்து பிரபுவைப் பிடித்தேன்.

“வந்து கூப்புடட்டும்க்கா. தட்டு வச்சி, வெத்தல பாக்கோட கூப்புடட்டும். மொறைன்னு ஒண்ணு இருக்கு இல்ல?”

இதைச் சொன்னால் அவள் எகிறினாள். “பொறந்த புள்ளைய வந்து பாக்கறது மொறை இல்லியா? கைக்குழந்தைய தூக்கினு நான் போயி அவன் வாசல்ல நிக்கணுமா?”

இரண்டும் முறைதான். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அதுதான் கஷ்டமே. ஒருவர் தப்பென்றால் காதைத் திருகி இழுத்துவந்திருப்பேன்.

அண்ணாகிராமத்தில் எங்களுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் உண்டு. “ஏம்மா, என் மடியில வச்சி குத்துங்களேன், நானும் மாமன்தானே?” என்றார். நல்ல மனுஷன். சரண்யா ஒரே வார்த்தையில் வெட்டினாள் — “வாடகை மாமன் வேணாம்.”

பதினோராம் மாதம். ஒற்றைப்படை மாதத்தில்தான் குத்த வேண்டும் என்பது வழக்கம். இதை விட்டால் தள்ளிப்போகும். அவள் வீடும் வேண்டாம், இவன் வீடும் வேண்டாம், திருவந்திபுரம் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். நானே நாள் பார்த்து, நானே ஆசாரிக்குச் சொல்லி, விடிந்ததும் பூவும் பழமுமாகப் போய் உட்கார்ந்தேன்.

தங்கச்சிக்குப் போன் போட்டேன். “அவன் கெளம்பிட்டானாக்கா?”

தம்பிக்குப் போட்டேன். “அவ கெளம்பட்டும். அடுத்த நிமிஷம் நான் அங்க இருப்பேன்.”

கிளம்பிவிட்டாள் என்று ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன். “வீடியோ கால்ல காட்டச் சொல்லு” என்றான்.

சிதம்பரத்தில் ஒருத்தி செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். செம்மண்டலத்தில் ஒருவன் பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கெடிலம் ஆற்றங்கரைக் கோயிலில் நான்... ஆசாரி மூன்று குழந்தைகளுக்குக் குத்தி முடித்துவிட்டு, “உங்க குழந்தை எங்கம்மா?” என்றார்.

அதற்கப்புறம்தான் இந்தப் போன். மாப்பிள்ளை கிளினிக்குக்குக் கூட்டிப்போனாராம். துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து நர்ஸ் இரண்டு சொடுக்கு சொடுக்கினாராம். பாட்டு இல்லை, பந்தி இல்லை, மாமனும் இல்லை.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. வெறும் ஓட்டைக்காக மட்டும் இதை ஒரு விசேஷமாக வைத்திருக்க மாட்டார்கள். பேசாமல் இருக்கிற அண்ணன் தங்கச்சியை ஒரே பாயில் உட்கார வைக்க யாரோ ஒரு புத்திசாலி செய்த ஏற்பாடு அது. குழந்தை வீறிடுகிற நேரத்தில் எவனால் முறைத்துக்கொண்டு இருக்க முடியும்? அப்படிப்பட்ட ஏற்பாட்டையே சண்டைக்குக் காரணமாக்கிக்கொண்டோமே... நம்மை என்ன சொல்ல?

போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். பிரபு பைக் துடைத்துக்கொண்டிருந்தான்.

“குத்திட்டாங்களாம்டா.”

நிமிரவில்லை. “எங்க?”

“கிளினிக்ல. அவ மடியிலயே வச்சி.”

“ம்.”

துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். நான் உள்ளே திரும்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏங்க்கா... புள்ள தலைய ஆட்டியிருக்குமே. யாராவது கெட்டியா புடிச்சிக்கினாங்களா?”

பிடிக்க வேண்டியவன் கேட்கிற கேள்வியா இது?