டார்லாவின் லேப்டாப்புக்கு ஏழு புதன்கிழமைகள்

அமெரிக்காவின் டுலூத் நகரத் தண்ணீர்த் துறையில் வீடு வீடாகப் போய் மீட்டர் மாற்றுவது வெர்லின் கோஸ்கெலாவின் வேலை. வயது ஐம்பத்து மூன்று, தனிக்கட்டை. ஜனவரிக் குளிரில் யார் வீட்டுக் குழாய் உறைந்துபோனாலும் முதல் ஆளாக வந்து நிற்பான். சம்பளத்தில் பாதியை மீன்பிடிப்புக்கும், மீதியைப் பழைய லேப்டாப்புகளுக்கும் கொடுத்து அழித்தான். சொல்லப்போனால் மீன்கூட அவ்வப்போது கிடைத்தது. லேப்டாப்பால் அவனுக்குக் கால் காசுக்குப் பிரயோஜனம் இல்லை.

ஏனென்றால் அவன் லினக்ஸ்காரன். இந்த ஜாதியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் லேப்டாப் வாங்கினால் கடிதம் எழுதுவார்கள், படம் பார்ப்பார்கள். இவர்கள் அதில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போடுவார்கள். லினக்ஸில் நூறு வகை உண்டு, டிஸ்ட்ரோ என்பார்கள். ஒன்றைப் போட்டு, பின்னணிப் படத்தை மாற்றி, கைகட்டி நின்று அழகு பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்து இன்னொன்றைப் போடுவார்கள். வெர்லின் இருபது வருஷமாக இதையேதான் செய்துகொண்டிருந்தான். அவன் லேப்டாப்பில் அவன் எழுதிய ஒரு வரி கிடையாது.

புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு நூலகத்தின் கீழ்த்தள அறையில் இவர்கள் கூடுவார்கள். தலைவர் கோர்டி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், தொப்புள்வரை தாடி. அடுத்தவர் பெவ் என்ற அம்மாள், தபால் நிலையத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர், வாரம் தவறாமல் எலுமிச்சைக் கேக் கொண்டுவருவார். மூன்றாவது வெர்லின். மற்றவர்கள் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

அந்த அறைக்குள்தான் டார்லா ஸ்டென்க்விஸ்ட் ஒருநாள் பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டே வந்தாள். கவுண்டி எனப்படும் மாவட்ட அலுவலகத்தில், பனி தள்ளும் லாரிகளை எந்த ரோட்டுக்கு அனுப்புவது என்று ரேடியோவில் அதட்டுகிற வேலை அவளுக்கு. கணவன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். பனித்தளத்தைத் துடைப்பத்தால் தேய்த்துத் தேய்த்துக் கல்லை வழுக்கவிடும் கர்லிங் ஆட்டத்தின் உள்ளூர் கிளப்புக்குச் செயலாளரும் அவள்தான்.

"வணக்கங்க. என் லேப்டாப்புக்கு இனிமே அப்டேட் வராதாம். தூக்கிப் போடவா, இல்ல இந்த லினக்ஸ்ங்கிறாங்களே, அதைப் போடலாமா? எது போடலாம்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கிளம்பிடுவேன்."

ஒரு வார்த்தையாம்! பாவம், யாரிடம் வந்து எதைக் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

"டெபியன்," என்றார் கோர்டி. "கல்லு மாதிரி நிக்கும்."

"கல்லு மாதிரிதான், நகரவே நகராது," என்றார் பெவ். "நீ ஃபெடோரா போடும்மா. இந்தத் தாடி பேச்சைக் கேக்காத."

"என் தாடியை ஏன் இழுக்கற?"

"சூப்புல விழுதுன்னு பத்து வருஷமா இழுத்துக்கிட்டுதானே இருக்கேன்!"

இருவரும் முக்கால் மணி நேரம் வாய்ச்சண்டையில் கட்டிப் புரண்டார்கள். வெர்லின் வாயே திறக்கவில்லை. டார்லா கேக்கைக் கடித்துக்கொண்டே இவர்களைப் பார்த்துச் சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சிரிக்கும்போது தோள் இரண்டும் குலுங்கும். ஐம்பத்து மூன்று வயதில் ஆள் அப்படியே குப்புற விழுந்துவிட்டான் என்பதை நான் மறைப்பானேன்.

கடைசியில் அவளே அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒண்ணுமே சொல்லலையே? என்ன வேணும்னு நான் சொல்றேன். கிளப் லெட்டர் அடிக்கணும், ஆட்ட அட்டவணை போடணும், ஹாக்கி பாக்கணும். அவ்ளோதான்."

பதில் வெர்லினுக்கு நன்றாகத் தெரியும். மிண்ட் என்கிற டிஸ்ட்ரோ. இருபது நிமிஷத்தில் போட்டுக் கொடுக்கலாம். அவள் நன்றி சொல்லி, பெட்டியை எடுத்துக்கொண்டு போவாள். அது பாட்டுக்கு ஓடும். அவளும் அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாள். மிண்டைப் போட்டால் டார்லா இல்லை!

"லூன் போடலாம்," என்றான் வெர்லின்.

கோர்டியும் பெவ்வும் சண்டையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். லூன் என்பது கனடாவின் வினிபெக்கில் இரண்டு அண்ணன் தம்பிகள் செய்கிற டிஸ்ட்ரோ. தினமும் புதுப் புது அப்டேட் வரும். ஒவ்வொரு அப்டேட்டும் ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து ஏதோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும். அதைப் போட்டவன் தானே பழுது பார்க்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

"அவங்களுக்கா?" என்றார் பெவ்.

"ரொம்ப வேகம்," என்றான் வெர்லின், காது சிவக்க.

அடுத்த புதன் டார்லா வந்தாள். சத்தம் வரவில்லை. அதற்கடுத்த புதன் சத்தம் வந்தது, வைஃபை போய்விட்டது. மூன்றாம் வாரம் மௌஸ் அம்பு வலப்பக்கம் மட்டும்தான் போவேன் என்றது. நாலாம் வாரம் பிரிண்டர் ஒவ்வொரு தாளையும் பதினேழு தடவை அடித்தது. ஒவ்வொரு வாரமும் வெர்லின் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் சரிபண்ணுவான். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் லாரி டிரைவர்களின் கதை சொல்லுவாள். திங்கட்கிழமையே புதனுக்கான சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவைக்க ஆரம்பித்தான் வெர்லின். தண்ணீர்த் துறையில் அவன் விசிலடிப்பதைக் கேட்டு, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

"பாவம், என் பெட்டியால உங்களுக்கு எவ்வளவு தொல்லை," என்பாள் டார்லா.

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க," என்பான் அந்தத் திருடன்.

ஏழாவது புதன்கிழமை அவள் முகம் தொங்கிப்போய் வந்தாள். கையில் ஏலக்காய் ரொட்டி, துணியில் சுற்றியிருந்தது, இன்னும் சூடு.

"என்னாச்சும்மா?" என்றார் பெவ்.

"சனிக்கிழமை எங்க கிளப் போட்டி. இருபத்து நாலு டீம். அட்டவணையைச் சுவத்துல பெருசா காட்டலாம்னு லேப்டாப்பைப் புரொஜக்டர்ல செருகினேன். காலையில அப்டேட் போட்டிருந்தேனா, படம் தலைகீழா வருது! என்னென்னமோ அமுக்கிப் பாத்தேன், நேராவே வரல. நூறு பேர் கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கிறாங்க. எழுபத்தாறு வயசு எல்மருக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சு, இன்னும் திரும்பல. ஆறாம் டீமை ஒம்பதுன்னு படிச்சு, ஒரே பனித்தளத்துல மூணு டீம் இறங்கிடுச்சு. துடைப்பத்தாலயே அடிச்சுக்கிட்டாங்க. பதினாலு வருஷமா நான் செயலாளர். அடுத்த மாசம் வேற ஆளைப் போடலாமான்னு பேசறாங்களாம்." சொல்லிவிட்டு ரொட்டியை வெர்லின் பக்கம் தள்ளினாள். "இது உங்களுக்கு. என்னால நீங்க ஏழு வாரமா அல்லாடறீங்களே."

கோர்டி தாடிக்குள் சிரித்தார். வெர்லினுக்குச் சிரிப்பு வரவில்லை. பாவி, தன் ஆசைக்காக ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்துவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது. சாவிக்கொத்தில் தொங்கிய பென் டிரைவ்களில் ஒன்றைக் கழற்றினான். அவள் கடிதங்களையும் அட்டவணைகளையும் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டு, லூனை வழித்தெறிந்துவிட்டு மிண்டைப் போட்டான். இருபது நிமிஷம். சத்தம் வந்தது, வைஃபை வந்தது, அட்டவணை நேராக நின்றது, பிரிண்டர் ஒரு தாளை ஒரே ஒரு தடவை அடித்தது.

டார்லா தாளைப் பார்த்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? இதை முத நாளே போட்டிருக்கலாமே?"

பொய் சொல்ல நல்ல வாய்ப்பு. புதிதாக இப்போதுதான் வந்தது என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். வெர்லின் ரொட்டியைப் பார்த்தபடியே சொன்னான்.

"போட்டிருக்கலாம். போட்டா நீங்க திரும்பி வர மாட்டீங்களே. லூன்னா வாராவாரம் கெட்டுப்போகும்னு தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன்."

டார்லா கையில் இருந்த தாளை மேஜையில் வைத்தாள்.

"லூன் ஒண்ணும் அவ்வளவு மோசம் கிடையாது," என்றார் கோர்டி.

"நீ வாயை மூடு!" என்றார் பெவ்.

டார்லா எழுந்தாள். லேப்டாப்பை மூடிப் பையில் திணித்தாள். கோபமாக வெளியேற வேண்டும் என்பது அவள் திட்டம். ஆனால் டுலூத்தில் பிப்ரவரி மாதம் கோபமாக வெளியேறுவது அவ்வளவு லேசில்லை. கோட்டை மாட்டினாள். கோட்டின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை, மறுபடி இழுத்தாள். கழுத்துத் துணியைச் சுற்றினாள். தொப்பியைப் போட்டாள். ஒரு கையுறையைக் காணவில்லை. பெவ் மேஜைக்கடியிலிருந்து பயபக்தியோடு எடுத்துக் கொடுத்தார். அதற்குள் டார்லாவுக்கு வேர்த்துவிட்டது. கதவருகே பெஞ்சில் உட்கார்ந்து வலது கால் பூட்ஸை மாட்டி, கயிற்றைக் கட்டினாள். இவ்வளவையும் மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடது பூட்ஸைக் கையில் எடுத்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"யோவ் வெர்லின்!"

"சொல்லுங்க."

"புதன்கிழமை எங்க டீம் ஆட்டம் நடக்கும், தெரியுமா உமக்கு? ஏழு ஆட்டத்துக்கு எனக்குப் பதிலா ஆள் புடிச்சு அனுப்பிட்டு இங்க வந்து உக்காந்திருக்கேன். பெட்டிக்காகத்தான் வர்றேன்னு நினைச்சீரா? பெட்டிக்காகன்னா ரெண்டாவது வாரமே ஏரியில தூக்கிப் போட்டிருப்பேன்! எல்மர் கழுத்தை வேற கோணலாக்கிட்டீரு. காபி குடிக்க வர்றீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அரை நிமிஷம் ஆகியிருக்குமா?"

பெவ் மேஜைக்கடியில் வெர்லினை எட்டி உதைத்தார்.

"காபின்னா..." வெர்லின் எழுந்து நின்றான். "ஏரிக்கரைக் கடையில காபி நல்லாருக்கும், ஆனா நாற்காலி சரியில்ல. மேட்டுத்தெருக் கடையில நாற்காலி நல்லாருக்கும், ஆனா பால்..."

"மேட்டுத்தெருவா? அது கழுவின தண்ணி!" என்றார் கோர்டி. "பேக்கரிக்குப் போங்க."

"பேக்கரியில டிகாஷன் எப்பவும் பழசு," என்றார் பெவ்.

"யோவ்!" டார்லா பூட்ஸைத் தரையில் போட்டாள். "கடையை யாருய்யா கேட்டா? என்னைக் கேளுய்யா!"

வெர்லின் அவள் பக்கம் திரும்பினான்.

"டார்லா, காபி குடிக்க வர்றீங்களா?"

"வர்றேன்."

பிறகு வெர்லின் கோட்டையும் கழுத்துத் துணியையும் தொப்பியையும் கையுறையையும் பூட்ஸையும் மாட்டி முடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. அவசரத்தில் பூட்ஸ் கயிற்றில் மூன்று தடவை தப்பு முடிச்சு விழுந்தது. டார்லா கதவைப் பிடித்தபடி நின்று காத்திருந்தாள்.