முடிவு பிரமாதம்

எண்பதுகளில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு நான் தினமும் போய்வந்த பாசஞ்சர் ரயிலில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். எந்த ஆபீஸ் என்று தெரியாது. கனத்த கண்ணாடி, மடியில் அவித்த மல்லாட்டை. ஒரு பக்கம் படித்தால் ஒரு கடலை உரிப்பார்.

எங்களோடு வரும் ஹெட்கிளார்க் ஒருவர், வாரப் பத்திரிகைத் தொடர்கதை ஒன்றைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து, பெட்டி முழுக்கச் சுற்றுக்கு விட்டிருந்தார். வாங்கியவர்கள் எல்லோரும் "முடிவு பிரமாதம்" என்று சொல்லித்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த அம்மா மட்டும் பாதியிலேயே நீட்டினார்.

"போதும் சார். ஒரே பேஜாரா இருக்குது."

"எடுத்தத முடிக்க வேணாமா? முடிவுதாம்மா பிரமாதம்!"

"அந்த ஆசையிலதான் கடைசிப் பக்கத்தப் பார்த்தேன். 'தொடரும்'னு போட்டிருக்குது. கடைசி வாரத்த நீங்க சேக்கவே இல்லீங்க."

பெட்டியே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

அடுத்தது என் முறை. "எனக்கும் வேணாம் சார்" என்றேன், வீராப்பாக.

அந்த அம்மா என்னை முறைத்தார். "படிக்காமயே வேணாம்னா, படிக்காமயே பிரமாதம்னு சொன்னவங்களுக்கும் உங்களுக்கும் இன்னா வித்தியாசம்?"

வாங்கிப் பத்துப் பக்கம் படித்தேன்.

பேஜார்தான்.