அத்தை கட்டிய பட்டம்

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமனின் உரிமை. என் மாமன், எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் முன்பே, நிட்டிங் மெஷினில் மின்சாரம் தாக்கிச் செத்துப்போனார். அதன்பின் அவர் மனைவி, என் அத்தை, நான் வேலை பார்த்த கம்பெனிக்கே செக்கிங்குக்கு வந்தாள். ஒரே மேசையில் எதிரெதிரே நின்று பனியன்களில் ஓட்டை தேடினோம்.

என் கல்யாணத்தில் மூன்று நாள் நடக்கும் சீர்ச் சடங்கெல்லாம் மண்டபத்தில் அரை நாளாகச் சுருங்கியிருந்தது. வீடியோக்காரர் கேட்டால் ஒரே சீரை இரண்டு தடவை செய்தார்கள். இவ்வளவு மாற்றலாமென்றால் இன்னொன்றையும் மாற்றலாம் என்று நினைத்தேன். பட்டம் கட்ட அம்மா ஒரு தூரத்து மாமனை அழைத்திருந்தாள்.

"அத்தைதான் கட்டோணும்" என்றேன்.

அத்தை கும்பிட்டாள். "வேண்டாங்கண்ணு. தாலியறுத்தவ கை. நாளைக்கு ஒண்ணுன்னா என்னையத்தான் சொல்லுவாங்க."

நான் விடவில்லை. அத்தை வந்தால்தான் மற்ற சீர் என்று மணவறையில் உட்கார்ந்துவிட்டேன். சீர் நடத்திய பெரியவர், "ஏனுங்க, என்ன பண்றதுங்க?" என்று மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கட்டட்டுங்க" என்றார் மாப்பிள்ளை.

அத்தை பட்டத்தை என் நெற்றியில் வைத்தாள். நூல் இரண்டு முறை நழுவியது. கட்டி முடித்ததும் பந்திக்கும் நிற்காமல் போய்விட்டாள்.

அடுத்த வருஷம், எட்டாம் மாதத்தில் என் குழந்தை வயிற்றிலேயே இறந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரியிடம் மாமியார் சொன்னார்: "அந்தக் கை பட்டப்பவே எனக்குத் தெரியுமுங்க."

எனக்குச் சோறு கொண்டுவந்த அத்தை அப்போது கதவருகே நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. மாமியாருக்குப் பயந்து அல்ல. ஒருவேளை நிஜமாக இருக்குமோ என்று அந்த நிமிஷம் எனக்கே தோன்றியது. அதை அத்தை என் முகத்தில் கண்டிருப்பாள். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

அந்த வாரமே வேலையை விட்டு, வெள்ளகோவிலில் இருந்த தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு எனக்கு மகள் பிறந்தாள். மூன்றாம் மாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன்.

"எடுத்துக்குங்க அத்தை" என்று நீட்டினேன்.

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நல்லாருக்கட்டும் சாமி. பாயில படுக்க வையி, பாத்துக்கறேன்" என்றாள்.

படுக்க வைத்தேன். அத்தை எட்டியே உட்கார்ந்து, குழந்தை தூங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.