மஞ்சள் துணி கட்டிய மரம்

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று என் மனைவி சொல்வாள். கடல் தாண்டிச் சரவாக்கில் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊரான லூனாஸுக்குத் திரும்பிய பிறகு அது இன்னும் மோசமாகிவிட்டது. கோயிலுக்குப் போனால் தீபாராதனை முடிவதற்குள் வாசலுக்கு வந்துவிடுவேன். மரத்தில் சுற்றிய மஞ்சள் துணி கண்ணில் பட்டாலே போதும், செருப்பைத் தேடுவேன். ஏன் என்று அவள் பலமுறை கேட்டாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்தேன்.

சரவாக்கில் நான் எண்ணெய் தேடும் குழுவில் இருந்தேன். நாங்கள் தேடியது பாதுகாக்கப்பட்ட காட்டில். காட்டைப் பாதுகாக்க ஒரு காகிதம், அதற்குள் நுழைய இன்னொரு காகிதம். எங்களிடம் இரண்டாவது இருந்தது. நேர்கோடாக ஒரு பாதை வெட்டுவோம். வழிநெடுகக் குழி போட்டு, சிறிய வெடி வைத்து, பூமி அதிர்வதைக் கருவியில் பதிவு செய்வோம். அதை வைத்துத்தான் எங்கே ஆழமாகத் துளைக்கலாம் என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள். எங்களுக்கு முன்னால் நடப்பவர்கள் மரங்களில் அடையாளம் கட்டிக்கொண்டே போவார்கள். சிவப்பு கட்டியிருந்தால் வெட்டலாம். மஞ்சள் என்றால் பக்கத்தில் ஊற்று இருக்கிறது, வெடியைத் தள்ளி வைக்க வேண்டும்.

நான் ஒரு நாள் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். அதனால் இந்த விதியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு வேறு ஒரு விதி தெரியும். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் தோட்டத்தில் புதுக் காட்டில் கால் வைப்பதற்கு முன்னால் பெரிய மரம் ஒன்றில் மஞ்சள் துணி சுற்றி, அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முனியாண்டியிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அதற்குப் பிறகு பாம்பும் பன்றியும் அவர் பொறுப்பு. அம்மா மறக்காமல் என் பையில் துணியை வைத்திருந்தார். பாதையோரம் இருந்த பெரிய மரத்தில் கட்டிக் கும்பிட்டேன்.

மஞ்சளுக்கு அங்கே என்ன அர்த்தம் என்று அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. உடனே போய் அவிழ்த்திருக்கலாம், பத்து நிமிட நடைதான். ஆனால் சாமிக்குக் கட்டியதைக் கட்டியவனே அவிழ்க்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். விட்டுவிட்டேன். சாமி பயம் பாதி, இத்தனை பேர் முன்னால் முட்டாளாக நிற்க வேண்டுமே என்ற பயம் மீதி.

வெடி வைப்பவர்கள் துணியைப் பார்த்தார்கள். மரத்தடியில் ஊற்று இருக்கிறது என்று நினைத்து, குழிகளைச் சரிவில் கீழே தள்ளிப் போட்டார்கள். உண்மையான ஊற்று கீழேதான் இருந்தது. பாதை அவ்வளவு தூரம் விலகும் என்று யாரும் எதிர்பார்க்காததால் அந்தப் பக்கத்தை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

நான்கு நாள் கழித்து ஒரு பெண் முகாமுக்கு வந்தார். ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழும் நீண்டவீட்டிலிருந்து வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் தோம்பு, தண்ணீர் வாளி. அதிலிருந்த தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் போல இருந்தது. அதை எங்கள் முன்னால் மேசைமேல் வைத்தார். பிறகு அவர்கள் குடித்துவந்த அந்த ஊற்று வற்றியே போனது என்று கேள்விப்பட்டேன்.

மேற்பார்வையாளர் எங்களை வரிசையாக நிற்க வைத்து, அந்த மஞ்சள் துணியைத் தூக்கிக் காட்டினார். "சியாப்பா ஈகாட்?" என்றார். யார் கட்டியது? எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஊற்று இயற்கையாகவே கலங்கியது என்று எழுதிக்கொண்டார்கள். அங்கே எண்ணெயும் கிடைக்கவில்லை. கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

இப்போது லூனாஸ் பக்கம் பழைய ரப்பர் நிலத்தில் சோலார் தகடுகள் பதிக்கிறார்கள். அங்கே நில அளவை வேலை எனக்கு. வெடி கிடையாது, காடு கிடையாது, இனி நிம்மதி என்று நினைத்துச் சேர்ந்தேன். வீட்டில் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எண்ணெய்க் கம்பெனிகளைத் திட்டுவேன். என் மனைவிக்குக் பக்கத்து ஊரான கூலிமில் கணினிச் சில்லு செய்யும் தொழிற்சாலையில் வேலை. அங்கே ஒரு நிமிடம் கரண்டு போனால் ஒரு ஷிப்டு வேலை குப்பைக்குப் போகும். "மொதல்ல ஏர்கோன நிப்பாட்டிட்டு அப்புறம் திட்டுங்க லா" என்பாள். அவள் சொல்வதும் சரிதான். எண்ணெய் வேண்டாம், நிலக்கரி வேண்டாம், அணையும் வேண்டாம் என்றால் வெளிச்சம் எங்கிருந்து வரும்? எனக்கும் தெரியாது.

போன மாதம் அந்த நிலத்தின் கடைசி மூலையில் ஒரு மரத்தில் புது மஞ்சள் துணி கட்டியிருந்தது. நிழல் தகடுகளில் விழும் என்று அந்த மரத்தை வெட்டுவதாக முடிவாகியிருந்தது. பொறியாளர் மலாய்ப் பெண், நல்ல பிள்ளை, யாரையும் புண்படுத்தக் கூடாது என்ற எண்ணம் உள்ளவர். கேட்டுவிட்டு வெட்டலாம் என்று எங்களைப் பார்த்துத் திரும்பினார்.

"சியாப்பா ஈகாட்?"

"சாயா" என்று என் வாய் சொல்லிவிட்டது. நான்தான்.

புல் வெட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். "நேத்து நான்தானே கட்டுனேன். நீங்க ஏண்ணே நான்னு சொல்றீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அளவுகோலைக் கீழே போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோம்பு, வெள்ளைத் தண்ணீர், தரையைப் பார்த்தது வரை. அவள் ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இத என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? எனக்கா தண்ணி போச்சு?"

சரவாக்குக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது, அடுத்த வாரம். அந்தப் பெண் இருக்கிறாரா, என்னைப் பேச விடுவாரா, தெரியாது. தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கவும் என்னால் முடியாது. வேலைக்குப் போகும் வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் நான்தான் கட்டினேன் என்ற ஒரே வாக்கியத்தை மலாயில் சொல்லிப் பார்க்கிறேன். சாயா யாங் ஈகாட். சாயா யாங் ஈகாட். சிறு பிள்ளைக்கும் வரும் மலாய்தான். மூன்றாவது சொல்லுக்குப் போவதற்குள் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன்.