ஒரு வயரும் இரண்டு பேரும்

ஐந்தாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போனபின் மூன்று வாரம் வீட்டில் இருந்தேன். நான்காவது வாரம் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். வேலை என்றால் நானும் என் கணவரும்தான். கல்லூரிகளுக்கு வருகைப்பதிவும் மதிப்பெண்ணும் பார்க்கிற சாஃப்ட்வேர் எழுதி, ஊர் ஊராகப் போய்ப் போட்டுக் கொடுப்போம். வீடு மதுரை விளாங்குடியில். மாதத்தில் பாதி நாள் லாட்ஜில்.

லாட்ஜ் அறைகளில் இன்டர்நெட் வர ஆரம்பித்திருந்த சமயம். மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஓட்டை, அதிலிருந்து நீல வயர் ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு லேப்டாப்தான். முன்பெல்லாம் அதற்குச் சண்டை போடுவோம், சிரித்துக்கொண்டே. இப்போது சண்டை இல்லை. "முடிஞ்சிருச்சா?" என்பார். "இந்தாங்க" என்று கழற்றிக் கொடுப்பேன். நாள் முழுக்க நாங்கள் பேசியது பெரும்பாலும் அவ்வளவுதான்.

அவரே ஒரு நாள் சொன்னார். "வயர்லெஸ் டப்பா ஒண்ணு வாங்கிருவோம். சின்னதா, பையில போடுற மாதிரி. யாரும் யாருக்காகவும் காத்துக்கிட்டு இருக்க வேணாம். நீயே பாத்து வாங்கிரு."

டவுன்ஹால் ரோட்டில் மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்றில் இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது. டிபன் பாக்ஸ் அகலம். இன்னொன்று லேப்டாப்பிலேயே செருகுவது, தனிக் கரண்ட் வேண்டாம். ஆனால் அந்த லேப்டாப்பை மூடினால் அடுத்தவருக்கும் இணைப்பு போய்விடும். மூன்றாவது சீட்டுக்கட்டு அளவு. அதன் அடாப்டர் அதைவிடப் பெரியதாக இருந்தது.

"எத்தன பேருக்குக்கா?"

"ரெண்டு பேரு."

"வீட்டுக்கா, ஆபீசுக்கா?"

"லாட்ஜ்ல தங்குறப்ப."

"அப்ப இந்தச் சின்னத எடுத்துக்கங்க. அடாப்டரு சுடும், பயப்படாதீங்க. லாட்ஜ் பிளக்குல பின்னு ஆடும், ஒரு மல்டிபிளக்கும் வச்சுக்கங்க."

"சொவத்துக்கு அந்தப் பக்கம் கெடைக்குமா?"

"ஒரு சொவரு தாண்டும்க்கா. ரெண்டாவது சொவருன்னா சந்தேகந்தான்."

எதையும் வேண்டும், வேண்டாம் என்று நினைக்க முடியாத நாட்கள் அவை. குழம்பில் உப்பு இல்லை என்பதே அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கடையில் அரை மணி நேரம் நின்று கேள்வி கேட்டேன். எல்லாக் கேள்விக்கும் அங்கே பதில் இருந்தது, அதனால் இருக்கலாம். கடைசியில் சீட்டுக்கட்டு டப்பாவையே வாங்கினேன்.

காரைக்குடி லாட்ஜில் அதை முதலில் மாட்டினோம். பச்சை விளக்கு எரிந்தது. அவர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். நான் கட்டிலில். அன்றைக்கு வயர் கேட்கக்கூட நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் மதியம் அவரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. பத்தடி தூரத்திலிருந்து. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்.

"மாத்திர தீந்திருச்சா? அட்ட காலியா இருந்துச்சு."

"தீந்து ஒரு வாரமாச்சு" என்று பதில் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "அன்னைக்கு நீ கூப்பிட்டப்ப போன எடுக்கல. தேனி காலேஜ்ல, ஹால்ல சைலண்ட்ல கெடந்துச்சு. நீ அதப் பத்தி ஒரு வார்த்த கேக்கல."

மூன்று முறை படித்தேன். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் முதுகு தெரிந்தது. சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது.

"கேட்டு என்னாகப் போகுதுன்னு விட்டுட்டேன்" என்று அடித்தேன். அது போனபிறகு இன்னும் இரண்டு வரி எழுதி அனுப்பினேன். "ஆட்டோவுல தனியாத்தான் போனேன். ஆஸ்பத்திரியில அட்மிஷன் போடுற வரைக்கும் ஆட்டோக்காரருதான் என்கூட நின்னாரு."

இதை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. யாரிடமுமே சொல்லவில்லை.

கீழே தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. பிறகு அவர் கதவைத் திறந்து உள்ளே வந்தார்.

"அந்த ஆட்டோக்காரரு நம்ம ஸ்டாண்டா?"

"தெரியல. மொகத்த நான் பாக்கல."

"பாத்தா ஒரு வார்த்த சொல்லணும்."

"ம்."

கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தார். தொடவில்லை. நானும் நகரவில்லை. மதிப்பெண் பட்டியலுக்குத் திரும்பினேன். ஒரு வரிசையில் கூட்டல் தப்பாக வந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய சாயங்காலம் ஆகிவிட்டது.

அடுத்த வாரம் மதுரையில் டாக்டரிடம் சேர்ந்தே போனோம். டாக்டர் கேட்டதற்கெல்லாம் என் கணவரே பதில் சொன்னார். குழந்தை போன தேதியை மட்டும் ஒரு நாள் தள்ளிச் சொல்லிவிட்டார். நான் திருத்தினேன். டாக்டர் சீட்டில் அடித்து எழுதிக்கொண்டார்.